ஓ'றாஸ்முசன் கடையில் ஸ ப ஸ ப

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். வகுப்பு முடிந்ததும் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு, யோசிக்காமல் குனிந்து அன்னாவின் காலைத் தொடப் போனேன். எட்டு வருடம் சனிக்கிழமை தோறும் கர்நாடக வயலின் வகுப்பில் செய்து வந்த பழக்கம். பாதி வழியில்தான், இது டென்மார்க்கின் வைலே நகரத்து மாலைப் பள்ளி, இது ஐரிஷ் வயலின் வகுப்பு என்று ஞாபகம் வந்தது. கை அந்தரத்தில் நின்றது. நான் எதையோ தவறவிட்டேன் என்று நினைத்து அன்னாவும் குனிந்தார். பிறகு கூடப் படிக்கும் யென்ஸ் குனிந்தார். கடைசியில் வகுப்பு முழுவதும் முழங்காலில் நின்று கதிரைகளுக்கு அடியில் தேடியது. என்ன தேடுகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. டேனிஷ்காரர் உதவி செய்யத் தொடங்கிவிட்டால் காரணம் கேட்பதில்லை. யென்ஸ் ஒரு சட்டைப் பொத்தானைக் கண்டெடுத்து வெற்றியோடு என்னிடம் தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அது என்னுடையதல்ல.

அன்னா எங்கள் ஆசிரியை. ஒவ்வொருவரும் பயிற்சிக் குறிப்பு எழுத வேண்டும் என்பது அவருடைய விதி. முதலில் அன்றைய பிழை, கடைசியில் மறுநாள் வேலை, இடையில் என்ன வேண்டுமானாலும். எந்த மொழியிலும் எழுதலாம். அவர் திகதியை மட்டும்தான் பார்ப்பார். அதனால் தமிழில் எழுதுகிறேன். டேனிஷில் சொன்னவற்றை எங்கள் வீட்டுத் தமிழில் எழுதப் போகிறேன். யென்ஸ் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவர் வரித் திணைக்களத்தில் வேலை செய்கிறார். ஐரிஷ்காரர் மாதிரித் தோன்றத் தாடிக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்.

இன்று அன்னா ஒரு செய்தி சொன்னார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓ'றாஸ்முசன் என்று ஓர் ஐரிஷ் பப் இருக்கிறது. லெகோலாண்ட் விளையாட்டுப் பூங்காவுக்கு வரும் குடும்பங்கள் இரவு வைலேயில் தங்கும்போது அங்கேதான் சாப்பிடுவார்கள். கோடை முழுவதும் ஞாயிறு பின்னேரங்களில் அங்கு வாசிக்க, கணப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலியாகிறது. எங்கள் வகுப்பில் ஒருவரை எடுப்பார்கள். தெரிவு 21ஆம் திகதி.

எனக்கு அந்தக் கதிரை வேண்டும். ஏன் என்பதையும் ஒழுங்காக எழுதிவைக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு ரீச்சர் எப்போதும் ஒன்றே சொல்வார்: "கமகம் காணாது சுஜாந்தினி. கை ஆடவேணும். கட்டை மாதிரி வாசிக்கிறாய்." என் அரங்கேற்றம் மூன்று முறை தள்ளிப்போனது. பிறகு அதைப்பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். கட்டை மாதிரி வாசிப்பவளுக்கும் உலகத்தில் எங்காவது ஓர் இடம் இருக்கும் என்று நினைத்துத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

நாளைய வேலை: பொத்தானின் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது.

ஏப்ரல் 11, வியாழன்

இன்றைய பிழை: சுவரைத் திறக்கப் பார்த்தேன். ஓ'றாஸ்முசனின் முகப்பில் மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒன்றில் தபால் கந்தோர் என்றும் ஒன்றில் இரும்புக் கடை என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இரண்டும் சித்திரம். நான் தபால் கந்தோரின் கைபிடியைத் தேடிக்கொண்டு நிற்கும்போது, மூன்றாவது கதவால் முதலாளி வெளியே வந்தார்.

முதலாளியின் பெயர் றாஸ்முசன். முன்னால் இருக்கும் 'ஓ' ஐரிஷ் பெயராகத் தோன்ற அவர் தானே வைத்துக்கொண்டது. முன்பு குளியலறைக் கற்கள் விற்றவராம். பப் முழுவதும் ஒரு கொள்கலனில் வந்து இறங்கியதாகப் பெருமையோடு சொன்னார். கறுத்த மரம், வெடித்த கண்ணாடி, பால் கலயம், ஒரு சைக்கிள், யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் படம், எல்லாம் ஒரே பெட்டியில். கணப்பு என்பது ஒரு தொலைக்காட்சித் திரை. அதில் ஒரு விறகு எரிந்து, புரண்டு, மறுபடியும் முதலில் இருந்து எரிகிறது. அயர்லாந்தின் கால்வே நகரத்துக்கு வழி காட்டும் அம்புக்குறி கழிப்பறைப் பக்கம் திரும்பியிருக்கிறது.

"ஐரிஷ்காரர் வாறவையோ?" என்று கேட்டேன்.

"ஒன்பது வருசத்திலை ஒருத்தன் வந்தவன்," என்றார் றாஸ்முசன். "பிறகு பாத்தால் அவன் ஸ்கொட்லாந்து."

ஐரிஷ்காரர் வருவதில்லை என்ற அந்த நிம்மதி அவருக்கு இப்போது போய்விட்டது. 21ஆம் திகதி அயர்லாந்தில் இருந்து நோரா என்ற பெண் வருகிறார். பயணக் கட்டுரை எழுதுபவர். வெளிநாட்டு ஐரிஷ் பப்புகளைப் பற்றி எழுதிக்கொண்டு வருகிறார். அவருக்கு முன்னால்தான் எங்கள் தெரிவு. அவர் யாருடைய வாசிப்பை உண்மையான ஐரிஷ் என்று சொல்கிறாரோ அவருக்குத்தான் கதிரை என்று றாஸ்முசன் முடிவு செய்திருக்கிறார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

குசினியில் அவரைவிடப் பயந்தவர் ஒருவர் இருந்தார். சமையல்காரர் அந்தோனிதாசன் அண்ணை, மன்னார்க்காரர். பப்பின் பேர்போன ஐரிஷ் ஆட்டிறைச்சிக் குழம்பு அவருடைய கைவண்ணம். என்னைக் கண்டதும் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்து பக்கத்தில் இழுத்து மெல்லமாகச் சொன்னார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுறன். ஏழு வருசமா அதுக்குள்ளை எங்கடை கறித்தூள் போடுறன்."

"முதலாளிக்குத் தெரியுமோ?"

"ஐரிஷ் மூலிகை எண்டு சொல்லிவைச்சிருக்கிறன். இப்ப அந்த அம்மா வந்து ஒரு கரண்டி வாயிலை வைச்சாச் சரி. என்ரை கதை முடிஞ்சுது."

"அண்டைக்கு மட்டும் போடாமல் விடுங்கோவன்."

"விசர்க் கதை கதைக்காதை. போடாட்டி ஆர் தின்னுறது?"

நாளைய வேலை: தெரிவுக்கான பாட்டை ஸ்வரப்படுத்துவது. எனக்கு வெள்ளைக்கார இசைக் குறியீடு மண்டையில் ஓடாது. ஸ ரி க ம என்று எழுதினால்தான் விரலுக்கு விளங்கும்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்றைய பிழை: ஆட்டினேன்.

வாசித்து முடித்ததும் அன்னா தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "சுஜா, சுரங்கள் எல்லாம் சரி. ஆனா ஏன் இப்பிடி ஆட்டுறீங்கள்? நேரா நில்லுங்கோ. இது நடனப் பாட்டு. சுரம் ஒரு படிக்கட்டு மாதிரி இருக்கவேணும், ஊஞ்சல் மாதிரி இல்லை."

டேனிஷில் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்பார்கள். ஆசிரியையை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் அவரும் என்னை 'நீங்கள்' என்கிறார்.

எட்டு வருடம் ஆடவில்லை என்று பேச்சு வாங்கினேன். இங்கே ஆடுகிறது என்று வாங்குகிறேன். இரண்டு பேரும் ஒரே கையைத்தான் பார்த்தார்கள். யாராவது ஒருவருக்குப் பார்வையில் கோளாறு இருக்க வேண்டும். பெரும்பாலும் எனக்குத்தான் இருக்கும்.

யென்ஸ் ஆடவில்லை. கட்டை மாதிரி வாசித்தார். அன்னா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு யென்ஸ் டேனிஷையே ஐரிஷ் இழுவையில் பேசி, நோரா வரும் நாளில் தட்டைத் தொப்பி போடப்போவதாகச் சொன்னார். நான் என்ன போடுவது என்று தெரியவில்லை. என்னிடம் உள்ள ஒரே பச்சை உடுப்பு பாவாடை தாவணி.

நாளைய வேலை: ஆடாமல் வாசிப்பது.

ஏப்ரல் 20, சனி

இன்றைய பிழை: ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்பாவுக்குத் தெரிந்த குடும்பத்தில் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. மண்டபத்தில் அந்தப் பிள்ளையின் ஒன்றுவிட்ட அக்கா பாட, நான் பக்கவாத்தியம். மாட்டேன் என்றேன். அப்பா, "இருக்கிறது ஒரு வயலின் பிள்ளை. நீயும் அயர்லாந்துக்குப் போட்டியெண்டால் நாங்கள் என்ன செய்யிறது?" என்றார்.

பாடிய அக்காவுக்கு ஐந்து கட்டைச் சுருதி. அதற்குக் கீழ்த்தந்திகள் இரண்டும் உள்ளபடியே இருக்கலாம். ஐரிஷ் வகுப்புக்காகக் கூட்டியிருந்த மேல்தந்திகள் இரண்டையும் இறக்கினால் நாலு தந்தியும் எங்கள் முறைக்கு வரும்: ஸ ப ஸ ப. தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகி இறக்கினேன். வாசித்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. பலகாரம் நன்றாக இருந்தது.

நாளைய வேலை: காலையில் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, நேரே பப்புக்குப் போவது.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்றைய பிழை சிறியதல்ல. ஒழுங்காக எழுத முயற்சிக்கிறேன்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது மழை. அப்பா காரில் கொண்டுபோய் விட்டார். "உள்ளுக்கை வாங்கோ அப்பா," என்றேன்.

"சாராயக் கடைக்குள்ளையோ? ஆரும் தமிழாக்கள் கண்டால்?"

"தமிழாக்கள் அதுக்குள்ளை ஏன் வருகினம்?"

"என்னை மாதிரிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவினம்," என்று சொல்லி, காரிலேயே இருந்துவிட்டார்.

பப் நிறைந்திருந்தது. லெகோ பைகளோடு ஜெர்மன் குடும்பங்கள், இரண்டு மேசை சுவீடன்காரர். கணப்புக்கு எதிரே நோரா. முப்பத்தைந்து வயதிருக்கும், நனைந்த மழைச்சட்டை, களைத்த முகம். அவருக்கு முன்னால் அந்தோனிதாசன் அண்ணையின் குழம்பு. றாஸ்முசன் பச்சை இடுப்புச்சட்டையில் அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கரண்டியையும் எண்ணாத குறையாகப் பார்த்தார். குசினிக் கதவின் வட்டக் கண்ணாடியில் அண்ணையின் ஒரு கண் தெரிந்தது.

யென்ஸ் முதலில் வாசித்தார். பிழையே இல்லை. நோரா மரியாதையாகக் கைதட்டிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

பிறகு நான். அன்னா கிட்டாரில் துணை. கதிரையில் இருந்து, சுருதி சரியா என்று கீழ்த்தந்திகள் இரண்டையும் மீட்டினேன். சரியாக இருந்தது. மேல்தந்திகளை மீட்டவில்லை. ஏன் என்று இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன். முதல் இரண்டு சரியாக இருந்தால் மற்றவையும் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டேன், அவ்வளவுதான்.

முதல் வரி கீழே ஓடுகிறது. நன்றாகப் போனது. இரண்டாம் வரி மூன்றாம் தந்திக்கு ஏறியதும் நேற்றைய சாமத்தியச் சடங்கு கேட்டது. இறக்கிய தந்திகளைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டேன்.

நிறுத்தியிருக்க வேண்டும். அன்னாவின் கிட்டார் நிற்கவில்லை. மேலே உள்ள சுரங்கள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. வயலினைத் தாடையில் வைத்துக்கொண்டு அவற்றைத் தேட என்னால் முடியவில்லை. அந்த ஸ ப ஸ ப-வில் என் கைக்கு வழி தெரிவது ஒரே ஒரு இருப்பில்தான். சப்பாத்தைக் கழற்றினேன். கதிரையில் இருந்து இறங்கினேன். எரியும் திரைக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் வைத்து, பாட்டை ஸ ரி க ம என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வாசித்தேன். கை தானாகப் போனது. போனது மட்டுமல்ல, ஆடியது. பயத்தில் நன்றாகவே ஆடியது. திறந்த தந்திகள் தம்புரா மாதிரிக் கூடவே ஒலித்தன. அன்னா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கிட்டாரை மெதுவாக்கினார்.

அப்போது கதவு திறந்தது. அப்பா. கழிப்பறை தேடி வந்தவர் கால்வே அம்புக்குறியைக் கவனிக்காமல் அப்படியே நின்றார். பிறகு ஒரு ஜெர்மன் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருந்து, தொடையில் ஆதி தாளம் போடத் தொடங்கினார். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. பாட்டும் நாலு நாலாகத்தான் போகிறது, பொருந்தியது. பக்கத்தில் இருந்த குழந்தை அதைப் பார்த்துச் செய்தது. குழந்தையைப் பார்த்துத் தாய் செய்தார். இது ஐரிஷ் வழக்கம் என்று நினைத்துச் சுவீடன் மேசைகளும் தொடங்கின. நான் முடிக்கும்போது பப் முழுவதும் தொடையில் தட்டி விரல் எண்ணிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் தாளம் தொடங்கும் சமம் பிழைக்கவில்லை.

நோரா எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

"இப்பிடி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தச் சுருதிக்கு என்ன பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும். "ஸ ப ஸ ப," என்றேன்.

நோரா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "ஓ, ஓம். ஸப்பஸாப்பா. ஓம் ஓம்."

அந்தத் தலையாட்டலை நான் எங்கும் அடையாளம் காண்பேன். எங்கள் தமிழ்ப் பள்ளியில் ரீச்சர் 'புலம்பெயர் சூழல்' என்று சொல்லும்போது பிள்ளைகள் ஆட்டும் தலை அது. நானும் ஆட்டியிருக்கிறேன். தெரியாது என்று சொன்னால், சொந்த மொழியில் இதுகூடத் தெரியாதா என்று கேட்பார்களே என்ற பயத்தில் ஆட்டுவது. நோரா தன் மொழிச் சொல் ஒன்று தனக்குத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அது ஐரிஷ் இல்லை," என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் றாஸ்முசன் இரண்டு கையையும் தூக்கினார். "சாப்பா சாப்பா! பழைய முறை!" எல்லாரும் கைதட்டினார்கள். அவர் என் காதில், "கதிரை உனக்கு. இண்டையிலை இருந்து உன்ரை ஐரிஷ் பேர் ஷிவோன்," என்றார். நான் வாயை மூடினேன். அதுதான் இன்றைய உண்மையான பிழை.

முதலாளி எனக்குப் புதுப் பெயர் வைத்திருப்பதாகச் சொல்லும் வரை அப்பா காரின் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "என்ன பேராம் வைச்சிருக்கிறார்?"

"ஷிவோன்."

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் சிவன்? பார்வதி எண்டெல்லோ வைக்கவேணும்?"

நாளைய வேலை: நோராவுக்கு உண்மையை எழுதுவது. கதிரை போகலாம் என்று தெரிந்துகொண்டு எழுதுவது.

ஏப்ரல் 23, செவ்வாய்

இன்றைய பிழை: பப்புக்குள் போகும்போது மறுபடியும் தபால் கந்தோரைத் தள்ளினேன்.

நோராவுக்கு நேற்று எழுதினேன். ஸ ப ஸ ப என்பது இரண்டு சுரத்தின் பெயர், தமிழர் வயலினுக்குச் சுருதி கூட்டும் முறை, நான் மாற்ற மறந்துவிட்டேன், மன்னிக்கவும். காலையில் பதில் வந்திருந்தது. "நன்றி. இரண்டு நாளாக அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளியில் ஐரிஷில் நான் எப்போதும் கடைசி. கட்டுரையில் திருத்திவிடுகிறேன். அந்தக் குழம்பில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?"

நோராவிடம் சொன்னது சுலபம். றாஸ்முசனிடம் சொல்வதுதான் கடினம். பப் வாசலில் பலகை ஏற்கெனவே நின்றது: ஷிவோன், கணப்பருகே பழைய முறையில் அமர்ந்து, சாப்பா சாப்பா. ஐரிஷ் எழுத்து மாதிரித் தோன்ற, எழுத்துகளின் தலையில் சாய்ந்த கோடு எல்லாம் போட்டிருந்தது. அந்தோனிதாசன் அண்ணை குப்பை கொட்ட வந்தவர் பார்த்துச் சிரித்தார். "வா சிவபெருமானே. உள்ளுக்கை இருக்கிறார்."

வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அது ஐரிஷ் இல்லை. நான் விட்ட பிழை. தொடையில் தட்டியது என்ரை அப்பா. என்ரை பேர் சுஜாந்தினி. அதுக்காகக் கதிரையை யென்ஸுக்குக் குடுத்தால் எனக்குக் கோபம் இல்லை. கடைசி வசனம் பொய். ஆனாலும் சொன்னேன்.

றாஸ்முசன் திரையில் விறகு புரளும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கதிரை போனால் வயலினைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப அந்தக் குழம்பு?" என்றார் திடீரென்று.

"அதை நீங்கள் அண்ணையிட்டைக் கேளுங்கோ."

"கேக்கத் தேவையில்லை. மன்னாரிலை ஐரிஷ் மூலிகை எப்பிடி வளரும்? ஏழு வருசமா நான் ஒண்டும் கேக்கேல்லை. நல்லா விக்குது." கழுத்தைத் துடைத்தார். "தமிழ். பழைய ஆக்களோ?"

"ஓம், பழைய ஆக்கள்தான்."

"எத்தினை வருசம்?"

"தெரியாது. நான் படிச்சது எட்டு வருசம்."

அவர் முகத்தில் குளியலறைக் கல் விற்றவரின் வெளிச்சம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பது நான்தான் என்றார். சொந்தப் பெயரில். நான் நன்றி சொல்வதற்குள், "ஆனா ஒண்டு," என்றார். "நீ நிலத்திலையெல்லோ இருக்கிறாய். கதிரை சும்மா கிடக்கும். அதை யென்ஸுக்குக் குடுத்திட்டன். உனக்குப் பாய் வேணுமோ?"

இவ்வளவு ஆசைப்பட்ட கதிரை யென்ஸுக்குப் போனது. எனக்குக் கோபம் வரவில்லை. சொன்ன பொய் தானாகவே உண்மையாகிவிட்டது. பாய் வீட்டில் இருக்கிறது என்றேன்.

வகுப்பில் நாலு தந்தியையும் மீட்டிப் பார்த்தேன். ஆடாமல் வாசிக்க வேண்டியதை ஆடாமல் வாசித்தேன். முடிந்ததும் அன்னா, "ஞாயிறு மட்டும் ஆட்டுங்கோ, இங்கை வேண்டாம்," என்றார். நான் குனியவில்லை.

வீடு திரும்பும் பேருந்து பப்பைக் கடந்தபோது வாசல் பலகை புதிதாக எழுதப்பட்டிருந்தது. என் பெயரில் ஓர் எழுத்து மட்டும்தான் பிழை. அதற்குக் கீழே: அசல் ஐரிஷ்-தமிழ் இசை, நானூறு ஆண்டுப் பாரம்பரியம்.

நாளைய வேலை: கடை திறப்பதற்கு முன் போய், பலகையில் 'நானூறு' என்பதை அழித்து 'எட்டு' என்று எழுதுவது. சுண்ணக்கட்டி அங்கே இருக்கிறது. துணி நான் கொண்டுபோக வேண்டும்.